தண்ணீர் கொன்ற பிரண்டை

பிரண்டையைச் சாகடிப்பது லேசான காரியம் இல்லை. பிடுங்கி வேலியில் எறிந்தாலும் அங்கேயே வேர்விடும் ஜாதி அது. அதையும் எங்கள் வீட்டில் கொன்றார்கள்.

ஊரைவிட்டு வெகுதூரம் வடக்கே, வங்காளிகள் நடுவே பாலிகஞ்சில் மாடிக் குடித்தனம். குழாய் கீழே முற்றத்தில். ஒவ்வொரு குடமும் என் இடுப்பில்தான் மேலே வரவேண்டும். அதனால் மொட்டைமாடியில் தண்ணீர் கேட்காத செடிகளாகப் பார்த்து வைத்தேன்: கற்றாழை, அரளி, ஊரிலிருந்து வந்தவர்கள் கொடுத்த ஒரு துண்டுப் பிரண்டை. மண்ணெண்ணெய்த் தகரத்தின் அடியில் ஆணியால் துளை போட்டு, செங்கல் சில்லு பரப்பி, பாதிக்குப் பாதி மணல் கலந்து நிரப்புவேன். வாரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான். சித்திரை வெயிலில் தளம் காலைச் சுட்டது. பிரண்டை மட்டும் ஜம்மென்று கொடி வீசியது.

அந்தக் கொடியின் மேல் எனக்கிருந்த ஆசையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு குழந்தைகளைப் பெற்று, இரண்டையும் மாதம் திரும்புமுன் பறிகொடுத்தவள் நான். என் கையிலும் ஒன்று தழைக்கும் என்று நாலு பேர் பார்க்கட்டுமே என்றிருந்தது. ஆடியில் மாமனார் திவசம். பிரண்டைத் துவையல் இல்லாமல் திவசச் சமையல் கிடையாது. இந்த ஊர்ச் சந்தையிலோ பிரண்டை கிடையாது.

என் கணவரின் அண்ணா தாரமிழந்து எங்களோடு இருந்தார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். இருவேளையும் மாடியில் சந்தியாவந்தனம் செய்வார். அந்தத் தீர்த்தம் கால்படும் இடத்தில் விழக்கூடாதாம். பஞ்சபாத்திரத்தோடு பக்கத்துச் சொம்பையும் சேர்த்துப் பிரண்டைத் தகரத்தில் கவிழ்ப்பார். யார் சுமந்த தண்ணீர்!

அவரோடு நேரில் பேசும் வழக்கம் எனக்கில்லை. கணவரிடம் சொன்னேன்.

"ஏன்னா, அண்ணாகிட்ட சொல்லுங்கோளேன். பிரண்டைக்கு அவ்வளவு ஜலம் ஆகாது. அழுகிப்போயிடும்."

"மந்திர ஜலத்துல செடி அழுகுமா? நன்னா இருக்குடீ நீ சொல்றது! வாயை மூடிண்டு இரு."

தகரத்தை மூலைக்கு நகர்த்தினேன். அங்கேயும் தேடிப் போய் ஊற்றினார். ஆனியில் தண்டு மஞ்சள் பூத்தது, தொட்டால் கொழகொழவென்றிருந்தது. மழை பிடித்த வாரம் அடியோடு சரிந்தது. தோண்டினால் ஒரே நாற்றம். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

திவசத்தன்று துவையல் இல்லை. பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்தபின் அண்ணனும் தம்பியும் இலையில் உட்கார்ந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"அவ கையில எதுடா தங்கித்து, பிரண்டை தங்கறதுக்கு?" என்றார் அண்ணா, தம்பியைப் பார்த்து.

அது ஏன் அழுகியது என்று என் கணவருக்குத் தெரியும். இரண்டு குழந்தைகளையும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "மோர் விடு" என்றார்.