ஃப்ளோரா கடையும் டீசல் வரியும்

கோலார் தங்கவயலிலிருந்து ஆந்திராவுக்குப் போகும் சாலையில், கர்நாடக எல்லைக்குள் கடைசியாக வரும் பெட்ரோல் பங்கை ஒட்டி ஃப்ளோராவின் டிபன் கடை இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் டீசலுக்கு வரி கூடுதல், இந்தப் பக்கம் குறைவு. அதனால் ஆந்திர லாரிகள் சுற்றுவழி என்றாலும் இங்கே வந்துதான் டாங்கை நிரப்பும். டாங்க் நிரம்புகிற நேரத்தில் டிரைவர்கள் வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள். ஃப்ளோராவுக்குத் தெரிந்த பொருளாதாரம் இவ்வளவுதான். ஆனால் அதை அவள் கரைத்துக் குடித்திருந்தாள்.

"வரியக் கொறைச்சிட்டு கெவர்மெண்ட் அப்பால போய் குந்திக்கினா போதும். ஊரு தானா பொழைச்சிக்கும்" என்பது அவள் கட்சி.

புருஷன் கொர்னேலியஸ் நேர் எதிர்க்கட்சி. தங்கவயலின் மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில் ஷாஃப்டுக்குள் இறங்கியவரின் மகன். வீடு, விளக்கு, ஆஸ்பத்திரி எல்லாம் அரசாங்கக் கம்பெனி கொடுக்க வளர்ந்தவர். "வரி வாங்கலன்னா ரோடு எவன் போடுவான்? உன் லாரி ஆகாசத்துலயா வரும்?" என்று சட்னி அரைத்தபடியே கேட்பார். சட்னி அரைத்துக் கொடுக்கிற ஒரே காரணத்துக்காக அவர் அரசியலை அவள் பொறுத்துக்கொண்டாள்.

வியாபாரம் சூடு பிடித்ததும் மாரிகுப்பத்து மாலாவை வேலைக்கு வைத்தாள். அந்தச் சம்பளத்தை நம்பி மாலா தன் மகள் இந்துவை பங்காருபேட்டை காலேஜில் சேர்த்தாள்.

அந்த நேரம் பார்த்து கர்நாடகத்தில் டீசல் வரியை ஏற்றினார்கள். இரண்டு பக்கத்து விலையும் நெருங்கிவிட்ட பிறகு சுற்றிக்கொண்டு வர டிரைவர்களுக்கு என்ன பைத்தியமா? லாரிகள் பாதியாகக் குறைந்தன. இட்லி மீந்தது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஃப்ளோரா, சனிக்கிழமையோடு மாலாவை நிறுத்திவிடுவது என்று முடிவெடுத்தாள். அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இந்துவின் முகம் வேறு கண்முன் வந்து நின்றது.

சனிக்கிழமை காலை பஸ் வந்தது. மாலா இறங்கினாள். அவள் பின்னால் ஒரு பெண் பட்டாளமே இறங்கியது. பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வேண்டாம் என்றான பிறகு எல்லையோரத் தக்காளித் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். "அக்கா கடை ஆப்பத்த துன்னுட்டுப் போங்க, தக்காளி எங்கயும் ஓடிடாது" என்று மாலா அவர்களை ஓட்டிக்கொண்டு வந்தாள். சற்று நேரத்தில் பானையில் மாவு இல்லை.

கொர்னேலியஸுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா! டீசல்ல வாங்கனான், பஸ்ல குடுத்துட்டான்!"

"சும்மா கெடங்க. பஸ்ஸ வுட்டது கெவர்மெண்ட். கடைக்குள்ள கூட்டியாந்தது மாலா" என்று ஃப்ளோரா வெட்டினாள். ஆனாலும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கூட்டம் கலைந்ததும் மாலாவைக் கூப்பிட்டாள். "உங்கிட்ட ஒன்னு சொல்லணும்னு இருந்தேன்..."

"தெரியும்க்கா. மீந்த இட்லிய தெனமும் மூட்டை கட்டினது நான்தானே? அதான் நீங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி, ஒரு வாரமா பஸ்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சிக்கினு..." மாலாவுக்குக் குரல் உடைந்தது.

ஃப்ளோரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"நான் சொல்ல வந்தது அது இல்லடி. திங்கக்கெழமை மொத பஸ்ஸுக்கே வந்துடு. மாவு ஜாஸ்தியா ஆட்டணும்."