மைனஸ் ரெண்டேகால் ரம்

எங்கள் தெருவில் ஒரு பேச்சு உலவியது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணைப் பார்த்து பவர் சொல்கிறவர், அந்த இருட்டறைக்குள்ளேயே ரம் வைத்திருக்கிறாராம். ஒரு கண்ணுக்கு ஒரு மடக்காம். சாட்சி, முடிதிருத்துபவர். "புதுக் கண்ணாடி போட்டதுலேருந்து ஒரு தலை ரெண்டாத் தெரியுது. எதை வெட்டுறதுன்னே குழப்பமா இருக்கு" என்றார், என் காதோரம் கத்தரியை வைத்துக்கொண்டு. உண்மையை விசாரிக்கும் ஆர்வம் எனக்கு அந்த நிமிடமே பொங்கிவிட்டது.

முதலில் சாட்சியின் கண்ணாடியை விசாரித்தேன். அது அவர் மனைவியுடையது. வழக்கில் பாதி அங்கேயே தள்ளுபடி. மீதி, ரம்.

கண் பார்ப்பவருக்குத் தெருவில் 'இதுவா அதுவா' என்று பெயர். முப்பது வருடமாக அவர் கேட்டுவரும் ஒரே கேள்வி அது. கனத்த வட்டச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மறைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகினார்.

"இது தெளிவா, அது தெளிவா?"

"அது."

"இப்ப? இதுவா, அதுவா?"

"அதேதான், அது."

"நடுவுல மாத்தி வச்சுட்டேன் சார். எல்லாருமே ரெண்டாவதைத்தான் நல்லாருக்கும்பாங்க. அதான் மூணு தடவை கேக்குறது."

அறையை நன்றாக மோந்து பார்த்தேன். வில்லைப் பெட்டி, சுவரில் எழுத்துகள், பழைய மின்விசிறி. வேறு வாசனை இல்லை. நேராகவே கேட்டுவிட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தால், மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது.

"கடையில அதெல்லாம் தொட மாட்டேன். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுக்கு வாங்க."

போனேன். தெருக் கணக்கில் நாற்பது பாட்டில். அலமாரியில் இருந்தவை ஏழு. முன்வரிசை ஆறின் கழுத்திலும் ரப்பர் பட்டை போட்டு ஆளுக்கொரு சீட்டு. கடையில் நமக்கு எழுதித் தருகிறாரே, அதே பவர்ச் சீட்டு: 'வலது +1.25, இடது +1.00, அச்சு 90.'

வலது, இடது என்பவை மூக்குத் துவாரங்கள். ஒன்றை விரலால் மூடி, மற்றதால் மோப்பம். அச்சு என்பது ரம் நாக்கில் ஏறும் கோணம். நடுவில் நேராக ஏறினால் தொண்ணூறு, ஓரமாக நழுவினால் நூற்றெண்பது. ப்ளஸ் என்றால் பாராட்டு, மைனஸ் என்றால் குறை. பூஜ்யம் என்றால் குறை சொல்லவும் ஒன்றுமில்லை, பேசவும் ஒன்றுமில்லை. மாற்றம் எதுவானாலும் கால் கால் புள்ளியாகத்தான். ப்ளஸ் ஒன்றைத் தாண்டியது மறுபடி வாங்கப்படும்; மற்றவை தீரும்வரை அலமாரியில் தண்டனைக் காலம் கழிக்கும்.

"தனியா ஒண்ணைக் குடிச்சா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். பக்கத்துல இன்னொண்ணு இருந்தாத்தான் பேசும்" என்றார். அதனால் எப்போதும் ஜோடி. மனைவி அடுக்களையில் மறைவாக ஊற்றி எடுத்து வருவார். இருமல் மருந்தோடு வரும் சின்ன மூடிகளில், மூடிக்கு ஒரு கரண்டி. அவ்வளவுதான் வாராந்தரக் குடி. தெருவுக்கு இதைச் சொன்னால் ஏமாற்றத்தில் அழுதுவிடும்.

ஏழாவது பாட்டில் பின்வரிசையில், சுவரைப் பார்த்து நின்றது. கழுத்தில் சீட்டு இல்லை. எட்டு வருடம் முன்பு அவருடைய அண்ணன் எங்கோ தூரதேசத்திலிருந்து சட்டைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தது. இவர் ருசித்தார், யோசித்தார், 'மைனஸ் 2.25' என்று எழுதினார். எழுதியதோடு விட்டாரா? கடை வாடிக்கையாளரிடம் நீட்டுவதுபோல் அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் எழுந்து போனவர்தான். அந்த அண்ணன் அடுத்த ஞாயிறு வருகிறார். எதை எடுத்து அவர் முன் வைப்பது என்று இவருக்கு மூன்று வாரமாகத் தூக்கமில்லை.

"இந்தத் தடவையும் கோவிச்சுக்கிட்டுப் போனா, அப்புறம் வர மாட்டாரு சார். எனக்கிருக்கிறது ஒரே அண்ணன்."

அன்றைய இரண்டு மூடிகள் வந்தன. இவர் மோந்தார், சப்பினார், கண்ணை மூடினார். "அதுதான். அரைப் புள்ளி கூட."

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டும் ஒரே பாட்டில்ங்க."

"என்னது?"

"மூணு வாரமா எதைப் பின்னால ஊத்தினாலும் அதுதான்ங்கிறீங்க. அதான் போன வாரமும் ஒண்ணையே ஊத்திப் பாத்தேன். அப்பவும் ரெண்டாவதுதான் பிரமாதம்னீங்க."

கடையில் ஒரு நாளைக்கு இருபது பேரிடம் மாற்றி வைத்துக் கேட்பவர், தன் நாக்கிடம் ஒருமுறைகூட மாற்றி வைத்துக் கேட்கவில்லை. மெல்லக் கேட்டார்: "அண்ணன் கொண்டுவந்தது... அன்னிக்கு முதல்லயா ஊத்தினே?"

"விருந்தாளி பாட்டில்னு முதல்ல ஊத்தினேன்."

பின்வரிசை பாட்டில் முன்னால் வந்தது. முன்னும் பின்னுமாக மாற்றி மூன்று தடவை. முடிவு: மைனஸ் அரை.

"ப்ளஸ்னு சொல்லித் தொலைங்களேன். யாரு கேக்கப் போறா?"

"தப்பான பவர் எழுதிக் குடுத்தா ஆளுக்குத் தலைவலிதான் வரும்" என்றார் அவர்.

மறு ஞாயிறு மூன்றாவது நாற்காலியில் நான் இருந்தேன், யாரும் அழைக்கவில்லை. அண்ணன் மெலிந்த மனிதர். வேறெங்கோ வாங்கிய கண்ணாடி மூக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. தம்பிக்குக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டார். இரண்டு மூடிகள் வைக்கப்பட்டன. அண்ணன் இரண்டையும் குடித்தார்.

"இதுல எதுடா என்னுது?"

"ரெண்டாவதுண்ணே."

"இப்ப எவ்வளவு?"

மனைவி அடுக்களை வாசலில் நின்று 'ப்ளஸ், ப்ளஸ்' என்று வாயசைத்தார்.

"மைனஸ் அரை."

அண்ணன் பையைத் துழாவி, நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்து விரித்தார். மடிப்புகளில் கிழிந்திருந்தது.

"இதுல ரெண்டேகால்னு இருக்கு."

"தப்பாப் பாத்துட்டேண்ணே. உங்களுதை முதல்ல குடிச்சேன். மாத்தி வச்சுப் பாக்கல."

"எட்டு வருஷம் கழிச்சுச் சொல்றே."

"இப்பத்தான் தெரிஞ்சுது."

அண்ணன் சீட்டையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ ஒண்ணேமுக்கால் எனக்கு வரணும்."

"வரணும்ணே. இப்பவே திருத்தி எழுதித் தர்றேன்." தம்பி பேனாவைத் திறந்துவிட்டார்.

"மூடு அதை. மொத்தமா வாங்கிக்கிறேன். அடுத்த தடவை வேற பாட்டில் கொண்டு வர்றேன், அதுக்கும் சேத்துப் போடு." பழைய சீட்டை அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்தவர், தம்பி மனைவி பக்கம் திரும்பினார். "சாப்பாடு ஆயிடுச்சாம்மா?"

பாட்டிலின் கழுத்தில் இப்போது ரப்பர் பட்டை இருக்கிறது. சீட்டில் பவர் எதுவும் இல்லை. 'அண்ணனுக்குத் தர வேண்டியது: 1.75' என்று மட்டும்.