ஜமால் பாய் கேட்டு வாங்காத சான்றிதழ்

செய்தியைச் சொன்னவள் சுகன்யா. ஏழு வருடமாக என்னோடு பேசாதவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் என் கம்பெனியில் காலை டீ வந்திருந்த நேரம். “சார், ஜமால் சார் தவறிட்டாரு. ஹார்ட் அட்டாக்” என்றாள். நான் ஏதோ சொன்னேன். கொஞ்சம் பொறுத்து, “அவரோட சர்டிபிகேட் இன்னும் உங்ககிட்டதான இருக்கு சார்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள். நான் எழுந்து போய் பீரோவைத் திறந்தேன். இருந்தது.

இந்த நினைவு மலரைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ஜமால் பாய் கைகாட்டி முதல் வேலைக்குப் போனவர்கள். வெள்ளானூர்ப் பக்கம் உள்ள அந்தக் கல்லூரியில் அவர் வேலைவாய்ப்பு அதிகாரியாக இருந்த காலத்து மாணவர்கள். உங்களில் பலருக்கு என்னைப் பிடிக்காது. பரவாயில்லை. மலர்க் குழு என்னிடம் கட்டுரை கேட்கவில்லை, நானாகத்தான் அனுப்புகிறேன். போடுவதானால் வெட்டாமல் போடுங்கள்.

நான் கல்லூரியில் படித்தவன் அல்ல. பாடியில் ஓர் ஆலையில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வைத்த இயந்திரம் வந்து இறங்கியபோது, அதன் ஆங்கிலக் கையேட்டை அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். சாப்பாட்டு நேரத்தில் புரோகிராம் எழுதிப் பழகினேன். பிறகு, ஆலை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்க ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்தேன். அதற்கு ஆள் தேடித்தான் ஜமால் பாயிடம் போனேன்.

முதல் வருடமே சண்டை. கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் எடுக்கப் பெரிய கம்பெனிகள் முதல் நாள் வரும், என்னைப் போன்றவர்கள் கடைசி நாள். ஒரு வேலை கிடைத்த மாணவன் அடுத்த கம்பெனியின் தேர்வில் உட்கார முடியாது. மிச்சம்தான் எனக்கு. “இன்னா பாய், எல்லாம் சாப்ட்டு எழுந்தப்புறம் எனக்கு எல போட்றியா?” என்று அவர் மேசை முன் நின்று கேட்டேன். அவர் கரையான்சாவடியில் பிறந்து வளர்ந்தவர். மாணவர்களிடம் திருத்தமாகப் பேசுவார். என்னிடம் மட்டும் ஊர்ப் பேச்சு.

“அண்ணாத்தே, மொத நாளு வர்றவன் கும்பலா அள்ளிக்கினு போயி, பாதி பேர சும்மா குந்த வெக்கிறான். கடசி நாளு வரிக்கும் டை கட்டிக்கினு ஒருத்தன் காத்துகினு கீறான் பாருங்க, அவனுக்குத்தான் வேல வேணும். உங்களுக்கு யாரு வேணும், சொல்லுங்க” என்றார்.

அந்த வருடம் மூன்று பேரை அனுப்பினார். மூவரும் தங்கம். எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டபோது, “பரவால்ல” என்று மட்டும் சொன்னேன்.

இன்னொரு முறை அவரைப் பார்க்கப் போனபோது வகுப்பில் இருந்தார். வெளியே வராந்தாவில் நின்றேன். எது நல்ல கம்பெனி என்று எப்படித் தெரிந்துகொள்வது என ஒரு மாணவன் கேட்டான்.

“உள்ள வேலை பாக்குறவனைக் கேக்காத. அங்கேருந்து வெளிய வந்த ஒருத்தனைத் தேடிப் பிடிச்சு, போகும்போது எப்படி அனுப்பினாங்கன்னு கேளு. ஒரு கம்பெனியோட குணம் கடைசி நாள்லதான் தெரியும்” என்றார்.

“சார், இன்னும் சேரவே இல்ல. அதுக்குள்ள கடைசி நாளா?” என்று ஒரு பெண் கேட்க, வகுப்பே சிரித்தது.

“பொண்ணு பாக்கப் போறவன், அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளைகிட்ட விசாரிக்கிறது இல்லையா? அது மாதிரிதாம்மா” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. என் கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

என் வழக்கம் இது. புதிதாகச் சேருபவரின் அசல் சான்றிதழ்களை முதல் நாளே வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். இரண்டு வருடம் கழித்துத்தான் திருப்பித் தருவேன். இதைச் செய்தவன் நான் ஒருவன் மட்டுமல்ல. ஒன்றும் தெரியாமல் வருகிறவர்களுக்கு வருடம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் சொல்லிக்கொடுத்தால், கற்ற மறுநாள் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். அது நியாயமில்லை என்று இன்றும் சொல்கிறேன். அதில் எனக்கு மாற்றுக் கருத்து வரவில்லை, வரப்போவதும் இல்லை.

“ஆள எடுங்க, அவன் காயிதத்த எடுக்காதீங்க” என்பார் பாய். ஒருநாள் நான் வெடித்தேன். “அந்தக் காயிதம் இல்லாமதான் நான் பொழைச்சேன். அதுக்கு இன்னா அவ்ளோ மரியாத?” என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “உங்ககிட்ட இல்லாததாலதான் அண்ணாத்தே, அடுத்தவன்து வெச்சிகினு கீறீங்க.”

ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் மறுநாளே பேசியிருப்பேன்.

சுகன்யா ஆவடிப் பெண். அவளுக்கு முதல் வேலை என்னிடம்தான். பதினோரு மாதத்தில், நான் மூன்று வருடத்தில் கற்றதைக் கற்றாள். அப்போது அவளுக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை அசல் சான்றிதழ்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். வந்து கேட்டாள். “ரெண்டு வருஷம்னு கையெழுத்து போட்டியா இல்லியா?” என்றேன். போட்டேன் என்றாள். “அப்ப போய் வேலையப் பாரு” என்றேன். அவள் அழவில்லை. என் மேசைக்கு எதிரில் அப்படியே நின்றிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் ஜமால் பாய் ஸ்கூட்டரில் வந்தார். சுகன்யாவும் அறையில் இருந்தாள். அவர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். அவருடைய பட்டச் சான்றிதழ். அசல்.

“உங்க பீரோல ஒரு ஒரிஜினல் இருக்கணும், அவ்ளோதான? இத வெச்சிக்கங்க. அந்தப் பொண்ணோடத குடுத்துடுங்க.”

“சார், வேணாம் சார்” என்றாள் சுகன்யா. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

“நீ சும்மா இரும்மா” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இத நான் கேட்டு வாங்க மாட்டேன் அண்ணாத்தே. உங்களுக்கா எப்ப தோணுதோ, அப்ப குடுங்க” என்றார்.

மிரட்டிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். யாருக்கும் வளையாதவன் என்று எனக்கு என்மேல் ஒரு பெருமை இருந்தது. சுகன்யாவுடையதை பீரோவிலிருந்து எடுத்து நீட்டிவிட்டு, “வெச்சிட்டுப் போங்க” என்றேன். அந்த இரண்டு வார்த்தைகளை எழுதவே கை கூசுகிறது. சொன்னவன் நான்தான்.

ஒரு வாரத்தில் வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. ஆனால் அவர் கல்லூரியிலிருந்து மாணவர்கள் வருவது நிற்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் நகல்தான் கொண்டுவந்தார்கள். ஒருவனிடம், “அப்புறம் எதுக்குடா இங்க வந்த?” என்று கேட்டேன். “ஜமால் சார்தான் அனுப்பினாரு சார். அந்த ஆளுகிட்ட ஒரு வருஷம் இருந்தா, வேற எங்கயும் கிடைக்காத தொழில் கிடைக்கும், காகிதத்தை மட்டும் குடுக்காதன்னாரு” என்றான். எனக்கு ஆள் வேண்டியிருந்தது, சேர்த்துக்கொண்டேன். அப்படியே அந்த வழக்கம் என் கம்பெனியில் இல்லாமல் போனது. பூட்டி வைத்திருந்தவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். கடைசியில் பீரோவில் மிஞ்சியது அவருடையது ஒன்றுதான்.

அதை ஏன் கொடுக்கவில்லை? அம்பத்தூரிலிருந்து கரையான்சாவடிக்கு எவ்வளவு தூரம்? கொண்டுபோய்க் கொடுத்தால் நான் தோற்றதாகிவிடும் என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தோம். “முட்டி வலி எப்டி கீது அண்ணாத்தே?” என்று விசாரித்தார். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடலாம் என்று பாயசம் வரும்வரை காத்திருந்தேன்.

அடக்கத்தன்று கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டுத் திரும்பினேன். உறையை எடுத்துப் போகத் தைரியம் வரவில்லை. நான்காம் நாள் எடுத்துப் போனேன். அவர் மனைவி, கணவரை இழந்தவர்கள் விலகியிருக்கும் இத்தாவில் இருந்ததால் திரைக்கு அந்தப் பக்கமிருந்து பேசினார். மகள் உறையை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு வந்தாள்.

“இது உங்ககிட்டயாண்ணே இருந்துச்சு?” என்று குரல் வந்தது. “எங்கன்னு கேக்குறப்பல்லாம், நல்ல எடத்துல பத்திரமா கீது, உடுன்னுவாரு. நாலு வருசம் முன்னாடி ஒரு பெரிய காலேஜ்ல கூப்ட்டாங்க. ஒரிஜினல் கொண்டாந்து காட்டச் சொன்னாங்க. போவல. காணாம போச்சுன்னு எழுதிக் குடுத்து வேற வாங்கிக்கலாம்னேன். காணாம போவாதத காணாம போச்சுன்னு எப்டி எழுதறதுன்னுட்டாரு.”

என்ன சொல்ல வேண்டுமோ அதைக் கேட்க வேண்டியவர் இல்லை. “மன்னிச்சிடும்மா” என்று திரையைப் பார்த்துச் சொன்னேன்.

சற்று நேரம் கழித்து மகள் உள்ளேயிருந்து உறையைக் கொண்டுவந்தாள். வெறும் உறை. ஏழு வருடம் பூட்டிய பீரோவின் சூட்டில் பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்ததாம். பிரித்து எடுத்தபோது மை உறையோடு வந்துவிட்டதாம். “சர்டிபிகேட்ல அத்தா பேரு இருந்த எடம் வெளுத்துடுச்சு அங்கிள்” என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

அந்த உறையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலைக்குப் பயிற்சி கொடுத்தவனை விட்டு ஓடக் கூடாது என்று இன்றும் சொல்வேன். அதற்கு பாய் என்ன பதில் சொல்வார் என்றும் தெரியும். இனி என்னிடம் சேர வருகிறவர்களிடம், இங்கிருந்து போனவர்களிடம் முதலில் விசாரித்துவிட்டு வா என்று சொல்லப்போகிறேன். சுகன்யாவின் எண்ணையும் கொடுப்பேன். கொடுக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். “உண்மையத்தான் சொல்லுவேன் சார்” என்றாள். சொல்லட்டும்.

பீரோவில் இப்போது வேறெந்தச் சான்றிதழும் இல்லை. அந்த உறை மட்டும் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் ஜமாலுதீன் என்ற பெயர் இடவலம் மாறி மங்கலாகத் தெரிகிறது. அதை நான் பூட்டி வைப்பதில்லை.