திறப்பு எடுக்க ஓடியது

திருநெல்வேலிச் சந்தையில் எனக்குப் பக்கத்தில் நின்ற மாணவி வலிப்பு வந்து விழுந்தாள். “கையிலை இரும்புத் திறப்பைக் குடுங்கோ, நிண்டிடும்!” என்று மரக்கறிக்காரர் கத்தினார்.

எங்கடை அம்மாவும் அப்படித்தான் நம்பினா. அக்காவுக்கு வலிப்பு வந்தால், அடுப்படி ஆணியில் தொங்கும் பூட்டுத் திறப்பை ஓடிப்போய் எடுத்து வருவது என்ரை வேலை. உள்ளங்கையில் துரு மணக்கும்.

ஒருநாள் கிணற்றடியில் நாங்கள் இரண்டு பேரும்தான். அக்கா விழுந்ததும் ஓடினேன். திரும்பி வந்தபோது அவளின்ரை முகம் தொட்டித் தண்ணீருக்குள் கிடந்தது. அப்போதும் திறப்பை அவளின்ரை கைக்குள் வைத்து விரல்களை மூடினேன்.

சந்தையில், அந்த மாணவியை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைத் தாங்கிக்கொண்டேன்.

“அக்கா, உங்களிட்டைத் திறப்பு இல்லையோ?” என்று என்னைக் கேட்டார் மரக்கறிக்காரர்.

“இருக்கு,” என்றேன். மாணவி கண் திறக்கும்வரை நான் எழும்பவில்லை.