அருளப்பன் இறங்கிய பக்கம்

அருளப்பன் இறந்த செய்தி நம் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. எந்தக் குழுவிலிருந்து அவரை நீக்கினோமோ, அதே குழுவில். "அரிய வாசகரை இழந்தோம்" என்று ஆளாளுக்கு எழுதினீர்கள். இழக்கவில்லை நண்பர்களே, நாம்தான் துரத்தினோம்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புதிதாக வரும் நாவல் எதையும் விடமாட்டார். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வரும் பஸ்ஸில்தான் படிப்பு. நாவல் பொய் சொல்வதாகத் தோன்றும் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி மூடிவிடுவார். கூட்டத்தில் எழுந்து, "நான் இந்த இடத்துல இறங்கிட்டேங்க" என்பார். ஒருமுறை லால்குடி விவசாயியைப் பற்றிய நாவல். "வாய்க்கால்ல தண்ணி வந்த அன்னைக்கு எவன்ங்க உட்கார்ந்து காவேரியப் பத்தி யோசிப்பான்? மம்பட்டியத் தூக்கிட்டு ஓடுவான்" என்றார். எழுதியவர் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். நாம் சிரித்தோம்.

என் நாவலுக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணவனை இழந்தவள் மூன்று பக்கம் பேசுகிற இடம். அழுதுகொண்டே எழுதினேன். "நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல இறங்கிட்டேங்க. புருஷன் போனவ இவ்வளவு பேச மாட்டா சார். அதுல நீங்கதான் பேசுறீங்க" என்றார். மறுவாரமே அவரைக் குழுவிலிருந்து எடுக்கச் சொன்னவன் நான். எழுத்தாளர்கள் வரத் தயங்குகிறார்கள் என்று ஒரு காரணமும் சொன்னேன். உங்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி லூர்து கதவைத் திறந்து, "வாங்க. ஃபேன் போடட்டுங்களா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "காபிக்குச் சர்க்கரை போடலாம்ல?" என்றார். கிளம்பும்போது என் நாவலை எடுத்து வந்தார்.

"மறுபடி எடுத்துப் படிச்சாருங்க. நீங்களே வச்சுக்குங்க."

வேறெதுவும் அவர் பேசவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பிரித்தேன். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இரண்டு டிக்கெட்டுகள். இரண்டாவதன் தேதி, நாம் அவரை நீக்கியதற்குப் பிந்தையது. அவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் எனக்காக மறுபடி ஏறியிருக்கிறார். மறுபடியும் அங்கேயே இறங்கியிருக்கிறார்.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்கிறீர்கள். வெட்கமாக இருக்கிறது, வரமாட்டேன். அடுத்த பதிப்புக்காக அந்த மூன்று பக்கங்களையும் எடுத்துவிட்டேன். இப்போது நாவலில் அவள் ஃபேன் போடட்டுமா என்று மட்டும் கேட்கிறாள். அதை நான் தெரிந்துகொள்ள அவர் சாக வேண்டியிருந்தது. அவருடையதாக என்னிடம் இருப்பவை இந்த இரண்டு டிக்கெட்டுகள். திருத்திய பக்கத்துக்கு மூன்றாவது தேவையா என்று சொல்ல ஆளில்லை.