ஏழாவது டேக்

விவாகரத்துக்குப் பிறகு மகள் தன் அம்மாவோடு கேட்டி என்ற ஊரில் இருந்தாள், நான் நான்கு மணி நேரம் தள்ளி பிளானோவில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை மாலை, நடுவழியில் ஃப்ரீவேயை ஒட்டிய ஒரு கேஸ் ஸ்டேஷனில் அவளை என் காரில் ஏற்றிக்கொள்வேன். ஞாயிறு மதியம் அதே இடத்தில் கொண்டுபோய் விடுவேன். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் நாங்கள் இருவர் மட்டும். அவளுக்குப் பதின்மூன்று வயது. பேசுவதற்கு எங்களிடம் அதிகம் இல்லை.

அப்போதுதான் ஒரு பழைய ராக் ஆல்பத்தை மறுபடி வாங்கினேன். திருச்சி ஹாஸ்டலில் கேசட் தேயும்வரை கேட்டது. அந்த ஆல்பத்தைப் பதிவு செய்தபோது வேண்டாமென்று ஒதுக்கியதையெல்லாம் சேர்த்து இப்போது நான்கு சிடியாக வெளியிட்டிருந்தார்கள். ஒரே பாட்டு ஒன்பது முறை இருந்தது. சிலவற்றில் பாடகரிடம் வரிகளே இல்லை, 'லா லா' என்று மெட்டை மட்டும் இழுக்கிறார். சிலது பாதியில் நின்றுவிடும். யாரோ இருமுவார், யாரோ சிரிப்பார், ஒரு குரல் அடுத்த டேக்கின் எண்ணைச் சொல்லும்.

எனக்கு அதைக் கேட்டு ஒன்றும் தோன்றவில்லை. அந்த வருடம் எதைக் கேட்டும் தோன்றவில்லை. கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்றுகூட, பார்க்கிங்கில் காரை எந்தத் தளத்தில் விட்டோம் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

மகள்தான் ஒருநாள் இயர்போனைக் கழற்றினாள்.

"ஒய் டிட் தே ஸ்டாப்?"

"யாரோ தப்பா வாசிச்சிட்டாங்க போல."

"ஹூ?"

"தெரியலம்மா."

திரும்பப் போடச் சொன்னாள். மூன்று முறை கேட்டும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் பிறகு எல்லாப் பயணத்திலும் அதுதான் ஓடியது. ஆல்பத்தில் வந்த பாட்டையே போட்டுக் காட்டினேன். "டூ க்ளீன்," என்றாள். அவளுக்குப் பிடித்தது ஏழாவது டேக். அதில் டிரம்மர் குச்சியைக் கீழே தவறவிடுகிறார். மற்றவர்கள் நிறுத்தாமல் வாசிக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் வந்து சேர்ந்துகொள்கிறார். அந்த இடம் வரும்வரை டேஷ்போர்டில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பாள்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பக் கொண்டுவிடப் போகும் வழியில், அவளே சவுண்டைக் குறைத்தாள்.

"அப்பா, வாலிபால் டீம்ல என்னை எடுத்துட்டாங்க. சாட்டர்டே எல்லாம் மேட்ச் இருக்கு. நான் மாசத்துக்கு ஒரு வாட்டி வரட்டுமா?"

தமிழில் சொன்னாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண். எத்தனை நாள் சொல்லிப் பார்த்துக்கொண்டாளோ.

"சரிம்மா. நல்ல விஷயம்தானே."

"ஆர் யூ மேட்?"

"இல்லடா."

அது பொய் இல்லை. கோபம் வரவில்லை. வருத்தம் வருமென்று காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தாண்டி வந்துவிட்டதை அவள்தான் சொன்னாள்.

கேஸ் ஸ்டேஷனில் அவள் அம்மா காருக்கு வெளியே நின்றிருந்தாள்.

"டிராஃபிக்கா?"

"எக்ஸிட்டை விட்டுட்டேன்."

மகள் பையோடு அந்தக் காரில் ஏறும்வரை பொறுத்திருந்து, "சொன்னாளா?" என்று கேட்டாள்.

"சொன்னா."

"நான் சொல்லச் சொல்லலை. அவளே சொல்றேன்னு சொன்னா."

"தெரியும்."

"சாப்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

ஏப்ரலில் மகளுடைய முதல் மேட்சுக்கு கேட்டிவரை போனேன். ஜிம்மில் மேல் வரிசையில் இடம் கிடைத்தது. அவள் போட்ட முதல் சர்வ் வலையில் விழுந்தது. இரண்டாவது அந்தப் பக்கம் போனதும் தலையைத் தூக்கித் தேடி, என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டேன்.