அக்காவின் ஃப்ளாப்பியைத் திறக்க வலியசாலை வரை

2006 ஜூன், இரண்டாம் சனிக்கிழமை. அலுவலகம் விடுமுறை என்பதால் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய்வந்தேன். கோவளம், மியூசியம் என்று எதிர்பார்த்து இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்கவும். கடற்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பையில் இருந்தவை ஒரு குடை, நான்கு ஃப்ளாப்பிகள், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளை வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்கு இந்தப் பயணம் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

என் அக்கா எங்கள் ஊர் வடசேரியில் ஒரு டிடிபி சென்டரில் பதினொரு வருடம் டைப் செய்தாள். போன வருடம் இறந்துபோனாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. இரண்டு பேர் இருந்த வீட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். ஒரு ஆள் சாப்பாட்டுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று இன்னும் கை பழகவில்லை. அவள் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இந்த ஃப்ளாப்பிகள் கிடைத்தன. மூன்றில் பென்சிலால் ‘எனது’ என்று எழுதியிருந்தாள்.

வீட்டுக் கணினியில் போட்டால், தலையில் புள்ளியும் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகளாக ஒரே குப்பை. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனியின் தனிச் சொத்து. கணினியின் முதுகில் டாங்கிள் என்ற விரல் நீளப் பூட்டைச் செருகினால்தான் எழுத்து வரும். அக்காவின் சென்டரை மூடியதோடு அந்தப் பூட்டும் போயிற்று. அதே எழுத்துரு இன்னும் இரண்டு கடைகளில் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் அக்காவோடு வேலை பார்த்தவர்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பதால் அங்கே போகவில்லை.

ஆகவே திருவனந்தபுரத்துக் கட்டற்ற மென்பொருள்காரர்களின் மின்னஞ்சல் குழுவில், பொய்ப் பெயரில்தான், உதவி கேட்டு எழுதினேன். மீனாட்சி என்ற பெண் பதில் போட்டார். பழைய மலையாள எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றுவது அவருக்குப் பொழுதுபோக்காம். “வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான் முடியும்” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். வேறு யாராவது என்றால் இதைக் குறையாக நினைத்திருப்பார்கள். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது. படிக்கத் தெரியாதவர் கையில் கொடுத்தால் ரகசியம் ரகசியமாகவே இருக்கும் அல்லவா?

வடசேரியில் காலை 6.40 பஸ். டிக்கெட் 28 ரூபாய், தூரம் சுமார் 70 கிலோமீட்டர். மார்த்தாண்டத்தில் மழை பிடித்தது. வலப்பக்க ஜன்னல்களுக்கு ஷட்டர் இறங்கவில்லை, இடப்பக்கம் உட்காருங்கள். களியக்காவிளையில் பத்து நிமிடம் நின்றது. அங்கே ஒரு டீ குடித்தேன், மூன்று ரூபாய்.

அந்தக் கோப்பில் எதைத் தேடிப் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1997 ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால் அருணாசலம் என்பவர் அக்காவைப் பெண் கேட்டு என் அலுவலகத்துக்கு வந்தார். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர். தமிழ் நோட்டீஸ் அடிக்க அக்காவின் சென்டருக்கு வந்துபோய்ப் பழக்கம். “உங்க அக்காட்ட நீங்களே கேட்டுச் சொல்லணும். அவங்களுக்கு இஷ்டம்னா மட்டும் மதி, இல்லைன்னா வேண்டாம்” என்றார். அக்காவுக்கு அப்போது நாற்பத்தொன்று. ஒரு வாரம் கழித்து அவருக்குப் போன் செய்து, அக்காவுக்கு விருப்பமில்லை என்றேன். அக்காவிடம் நான் கேட்கவே இல்லை. அவள் போய்விட்டால் தனியாக இருக்க வேண்டுமே என்ற பயம். வேறு காரணம் இருந்ததாகச் சொன்னால் அது பொய். அவளுக்கு இது தெரியுமா, தெரிந்து என்னை வெறுத்தாளா என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

9.10க்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்ட். மீனாட்சியின் வீடு இருக்கும் வலியசாலைக்கு நடந்தே போகலாம், இருபது நிமிடம். மழை விடாததால் ஆட்டோ பிடித்தேன்.

“வலியசாலை அம்பலத்துப் பக்கமா? ரோடெல்லாம் வெள்ளமாக்கும். பதினஞ்சு தரணும்” என்றார் ஓட்டுநர்.

“மீட்டர்?”

“மீட்டரும் நனைஞ்சுபோச்சு சாரே.”

பதினைந்தே கொடுத்தேன்.

மீனாட்சிக்கு முப்பது வயதிருக்கும். மாடி அறையில் இரண்டு கணினிகள், இரண்டிலும் லினக்ஸ். “வாங்கோ, குடையை அங்கேயே வச்சுடுங்கோ. பேடிக்கவேண்டாம், ஒரு பயமும் வேண்டாம், நெட் ஒயரை ஊரியாச்சு” என்று, நெட் இணைப்பு இல்லாமல்தான் திறக்க வேண்டும் என்று மெயிலில் போட்டிருந்த நிபந்தனையை நானே மறந்திருந்தபோது நினைவுபடுத்தினார். ஃப்ளாப்பியை வாங்கிப் பார்த்தார்.

“இதிலே என்ன எழுதியிருக்கு?”

“எனதுன்னு.”

“ஒங்களோடதா?”

“இல்ல, எங்க அக்காவோடது.”

“அப்போ அவாகிட்ட கேட்டேளா? தப்பா எடுத்துக்காதீங்கோ. வேறொருத்தரோட ஃபைல்னா நான் கேக்காம தொறக்கறதில்லே, அதான்.”

“அக்காவுக்குச் சம்மதம்தான்” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

வேலை நடந்த விதம் இது. நான்காவது ஃப்ளாப்பியில் அக்கா அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் கோப்பு இருந்தது. அச்சான பத்திரிகை என் பையில் இருந்தது. எழுத்துரு இல்லாவிட்டாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் குப்பை எந்த எழுத்து என்று கண்டுபிடித்துவிடலாம். நான் பத்திரிகையைப் பார்த்து ‘தி, ரு, ம, ண’ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் பட்டியல் போட்டார். ‘செ’ வரும் இடத்தில் கொம்பு முன்னால் நின்று தகராறு செய்தது. “மலையாளத்திலயும் இதே கூத்துதான், கேட்டேளா” என்று சிரித்துக்கொண்டே சின்ன நிரல் ஒன்றைத் திருத்தினார். பத்திரிகையில் வராத எழுத்துகள் ஏழு. அவை கட்டங்களாகவே நின்றன. இந்தக் கட்டங்களை நீங்கள் ஊகித்துப் படித்துக்கொள்ள வேண்டும். மூன்று மணி நேரம் ஆயிற்று. என்னோடு ஒருவர் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை முடியவே வேண்டாம் என்றுகூட நடுவில் தோன்றியது.

12.50க்கு அக்காவின் கோப்பு ஓப்பன் ஆபீஸில் தமிழாக வந்தது. “வாசிச்சுண்டு இருங்கோ, நான் காப்பி போடறேன். எனக்கு வாசிக்கத் தெரியாட்டாலும் இங்கே நிக்கப்பிடாது” என்று மீனாட்சி கீழே போய்விட்டார்.

நாட்குறிப்புதான். தேதிகள் எண்களில் இருந்ததால் 1997 செப்டம்பருக்குப் போவது சுலபமாக இருந்தது. அக்கா எழுதியிருந்ததை, கட்டங்களை மட்டும் ஊகித்து நிரப்பி, அப்படியே தருகிறேன்.

‘இன்று அருணாசலம் எங்கள் சென்டருக்கு வந்தார். “உங்களுக்கு விருப்பமில்லைன்னு தம்பி சொன்னார், தொந்தரவு பண்ணினதுக்கு மன்னிக்கணும்” என்றார். தம்பி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆமாம், விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவனை வெளியாள் முன்னால் பொய்யனாக்க மனம் வரவில்லை. ராத்திரி அவன் இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டான், சுட்டுப் போட்டேன். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிய வேண்டாம்.’

அதற்கு மேல் நான் படிக்கவில்லை. வடசேரிக் கடைக்காரர்கள் கண்ணில் படக்கூடாது, நெட்டில் போகக்கூடாது, தமிழ் படிக்கிறவர் தொடக்கூடாது என்று அத்தனை கட்டுக்காவல் போட்டு எழுபது கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு வந்தேன். அக்கா அதை ஊருக்குப் பயந்து மறைக்கவில்லை. என் ஒருவனிடமிருந்துதான் மறைத்தாள். எனக்கு அழுகை வந்தது. படியில் டவரா சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மாற்றிய கோப்பை அழித்துவிடச் சொன்னேன். ஏன் என்று மீனாட்சி கேட்கவில்லை. “சும்மா டிலீட் பண்ணினா போறாது” என்று, அது இருந்த இடத்தின் மேல் மூன்று முறை வேறெதையோ எழுதி அழித்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். வாசல் வரை வந்து, “அக்காகிட்ட பறையுங்கோ, எல்லாம் நன்னா தொறந்துதுன்னு. சந்தோஷப்படுவா” என்றார்.

“சொல்றேன்” என்றேன்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. சாலைக் கடைத்தெரு வழியாகத் தம்பானூருக்கு நடந்தேன். அந்தப் பாத்திரக்கடை இன்னும் இருக்கிறது. கல்லாவில் அவரேதான், தலை முழுக்க நரைத்து, தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிர்ப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, 2.35 பஸ்ஸைப் பிடித்தேன். வீடு வந்து சேரும்போது மணி ஐந்தேகால். ஃப்ளாப்பிகளைப் புடவைகளுக்கு அடியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஃப்ளாப்பிகளைப் பாலித்தீன் உறையில் போட்டுக்கொள்ளுங்கள், ஜூனில் அந்த ஊர் மழை எதையும் விடாது. அதே எழுத்துருவில் அச்சான தாள் ஒன்றும் அதன் கோப்பும் கட்டாயம் வேண்டும். பத்திரிகை ஒன்று போதாது; ஒரு முழுப்பக்கக் கட்டுரை இருந்தால் கட்டங்கள் குறையும். இனி எழுதுவதை எல்லாம் யூனிகோடிலேயே எழுதுங்கள், எந்தக் கம்பெனி மூடினாலும் எழுத்து நிற்கும். கிளம்பும் முன், கோப்பு யாருடையதோ அவரிடம் திறக்கலாமா என்று கேளுங்கள். அவர் வாயால் பதில் வர வேண்டும். நான் அக்காவுக்காக இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறேன், ஒரு முறைகூட அவளைக் கேட்டதில்லை.